மஞ்சட் பூவும் அதன் சுற்றமும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைகள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, தாயையோ தந்தையையோ திகைக்க வைக்கும் கேள்விகளுள் ஒன்று, "பட்டர்கப் என்றால் நம் ஊரில் என்ன பூ?" என்பது. மத்திய அரசின் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன் என்பதால் இக்கேள்வி சில வேளைகளில் என்னிடமும் வந்து சேர்கிறது. வெண்ணெய்க் கிண்ணம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்துவிடலாம். அது அலுவலகக் கோப்புக்குப் போதும், குழந்தைக்குப் போதாது. கிண்ணத்தைக் காட்டு என்று அது கேட்குமே!

எங்கள் ஊர் செங்கல். கேரள மாநிலத்தில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அணித்தாக, தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளைக்குச் சற்று வடக்கே உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. ஆகவே எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு செடிக்கும் தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக இரண்டு பெயர்கள் வழங்கும். சில செடிகளுக்கு இரு மொழியிலும் ஒரே பெயர். சில பெயர்களுக்கு இரு வேறு செடிகள். வெண்ணெய்க் கிண்ணப் பூ எங்களிடம் இல்லை. நெய்யாறு உண்டு, அவ்வளவுதான் ஆறுதல்.

பட்டர்கப் என்று ஆங்கிலேயர் சொல்லும் செடிகளின் நூற்பெயர் ரனன்குலஸ். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சிறு தவளை என்று பொருள். ஈரமான இடங்களில், தவளை வாழும் சதுப்புக்களில், இச்செடிகளுள் பல முளைப்பதால் அப்பெயர் வந்தது என்பர். இவை குளிர்நாட்டுச் செடிகள். செங்கல் போன்ற தாழ்ந்த, வெப்பமான கடலோர நிலம் இவற்றுக்கு ஒவ்வாது. எனினும் எங்கள் வயல் வரப்பில் ஐந்திதழ் கொண்ட மஞ்சட் பூக்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு வரப்பில் இறங்குகிறவர், இவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பறித்து, இதுவே அது என்று கூறிவிடுவார். அப்படிச் சொல்லத் தகாத மூன்றை முதலில் விலக்கிக் கொள்வோம்.

முதலாவது புளியாரை. மூன்று மூன்றாக இதய வடிவில் இலை, தின்றால் புளிக்கும், பூ நடுவில் ஒரே காய், நிமிர்ந்து நிற்கும் சிறு மெழுகுவத்தி போல இருக்கும். இரண்டாவது நீர்க்கிராம்பு. நெல் வயலின் வாய்க்காலோரத்தில் நிற்பது. இதன் இதழ்கள் பெரும்பாலும் நான்கே. பூவின் அடியில் கிராம்பைப் போல் நீண்ட காம்பு ஒன்று தோன்றுகிறதே, அது காம்பன்று; சூலகம். இதழ்கள் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது குறுந்தோட்டி. இதன் கேசரங்கள் யாவும் ஒன்றாகச் சேர்ந்து பூவின் நடுவே ஒரு தூணாக எழும். செம்பருத்தியின் நடுவில் காணும் அதே தூண். இரண்டும் ஒரு குடும்பம். நிறத்தால் மூன்றும் பட்டர்கப்பை ஒக்கும். கட்டமைப்பால் மூன்றும் அதற்கு அயலார்.

அப்படியாயின் உண்மையான அடையாளம் எது? பூவின் இதழை விட்டுவிட்டு அதன் நடுவைப் பாருங்கள். பட்டர்கப் பூவின் நடுவே சிறு மேடு ஒன்று இருக்கும். அம்மேட்டின்மீது, ஒன்றோடொன்று ஒட்டாமல், தனித்தனியாகப் பல சூலகங்கள் நெருங்கி நிற்கும். அவற்றைச் சுற்றி எண்ணற்ற கேசரங்கள். அவற்றுக்கு வெளியே ஐந்து அகவிதழ், ஐந்து புறவிதழ். எதுவும் எதனோடும் ஒட்டுவதில்லை. ஊசியால் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கலாம். பூ உதிர்ந்த பிறகு ஒவ்வொரு சூலகமும் ஒரே விதை கொண்ட உலர்ந்த சிறு காயாகும். அகவிதழின் அடியில் தேன் சுரக்கும் குழி ஒன்றும், அதனை மூடிய செதிள் ஒன்றும் உண்டு. சாதாரண உருப்பெருக்குக் கண்ணாடியால் இதனைக் காணலாம்.

தனித்தனிச் சூலகம் என்பது விளங்காதவர் செண்பகப் பூவை நினைத்துக் கொள்க. இதழ் உதிர்ந்த செண்பகத்தின் நடுவே ஒரு கதிர் போல் பல சூலகங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவ்வொற்றுமையைக் கண்டே பழைய தாவர நூலார் செண்பகக் குடும்பத்தையும் பட்டர்கப் குடும்பத்தையும் அடுத்தடுத்து வைத்தனர். மகரந்தத்தையும் மரபணுவையும் ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள் இரண்டும் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்த கிளைகள் என்று காட்டிவிட்டனர். ஆகவே இவ்வடையாளம் ஒன்றே போதும் என்று இருந்துவிடலாகாது. ஆயினும் நம் கண்ணுக்கு எட்டும் அடையாளங்களுள் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

செங்கலில் பட்டர்கப் இல்லை என்றேன். அதன் உறவினர் ஒருவர் அங்கே இருக்கிறார். வாதக்கொடி என்று மலையாளத்திலும், எல்லைத் தமிழிலும் வழங்கும் கொடி அது. சர்ப்பக் காவுகளிலும், யாரும் வெட்டாது விட்ட வேலிகளிலும் மரங்களின்மேல் ஏறிப் படரும். கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக வரும். ஒவ்வொரு இலையும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிய வேண்டியது. ஆனால் இரண்டே சிற்றிலை தெரியும். மூன்றாவது எங்கே? அதுவே சுருண்ட பற்றுக்கம்பியாக மாறிக் கிளையைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. எங்கள் ஊர் வேலிகளில் இந்த அமைப்புடைய கொடியைக் கண்டால் பூ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூவில் நான்கு புறவிதழ்களும், அவற்றுக்கு உள்ளே நூல் போல் மெலிந்த பல அகவிதழ்களும் இருக்கும். பிறகு காய்க்கும்போது, ஒவ்வொரு சிறு காயும் இறகு போன்ற நீண்ட வாலை வளர்த்துக் கொள்ளும். காற்றில் மிதந்து போக இயற்கை தந்த ஏற்பாடு அது. மேட்டின்மேல் தனித்தனிச் சூலகம் என்று முன்னே சொன்ன அடையாளம் இங்கேயும் அப்படியே இருப்பதைக் காணலாம்.

பெயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வாதங்கொல்லி என்று மலையாளத்தில் பரவலாகச் சொல்லப்படுவது வேறு செடி. தமிழில் அது கருநொச்சி. அது கொடியன்று, கருமையான தண்டுடைய குத்துச்செடி. வாதக்கொடி, வாதங்கொல்லி என்ற இரண்டும் விரைந்து பேசுவார் வாயில் ஒன்றாகிவிடும். தைலம் காய்ச்சுவதற்கு இலை பறித்துவரச் சொன்னால், கேட்டவர் ஒன்றும் பறித்தவர் மற்றொன்றுமாக முடிவதுண்டு.

வாதக்கொடியின் தண்டையும் இலையையும் நசுக்கித் தலைவலிக்கும் சளிக்கும் முகர்வது நாட்டு வழக்கம். மூக்கில் சுரீரென்று ஏறும். அந்தக் காரம்தான் பட்டர்கப் குடும்பத்தின் இரத்த உறவு என்று சொல்லலாம். இக்குடும்பத்தின் பல செடிகளில் ஒரு பொருள் அடங்கி இருக்கிறது. செடி நசுங்கியதும் அது புரோட்டோ அனிமோனின் என்னும் எரிச்சலூட்டும் எண்ணெயாக மாறுகிறது. தோலில் பட்டால் கொப்புளம். வாயில் பட்டால் எரிவு. செடி உலர்ந்தபின் அது தீமை குறைந்த வேறொரு பொருளாகிவிடுகிறது. மேல்நாட்டு மாடுகள் பச்சைப் பட்டர்கப்பை ஒதுக்கிவிட்டு, அது கலந்த உலர்ந்த வைக்கோலைத் தின்பதற்குக் காரணம் இதுவே.

இக்கொடியின் நூற்பெயர் வரலாறு சுவையானது. இலங்கையில் சிங்களவர் இதனை நரவேல் என்பர். அதைக் கொண்டே ஐரோப்பியர் நரவேலியா என்று ஒரு பேரினத்தை வகுத்தனர். அண்மைக்கால மரபணு ஆராய்ச்சிகளைக் கொண்டு அறிஞர் பலர் நரவேலியாவைக் கிளெமாட்டிஸ் என்னும் பேரினத்துக்குள்ளேயே அடக்கிவிட்டனர். நம் மலையடிவாரங்களிலும் கிளெமாட்டிஸ் ஒன்று உண்டு. வெண்ணிறப் பூ, அகவிதழே கிடையாது, வெண்மையாகத் தெரிவன புறவிதழ்கள். பற்றுக்கம்பி இல்லாமல், இலைக் காம்பையே முறுக்கிக்கொண்டு ஏறும். சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றிக் காம்பிள் என்னும் ஆங்கிலேயர் தொடங்கி 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பெருநூலைப் புரட்டுகிறவர்கள் தொடக்கத்திலேயே இவ்விரு கொடிகளையும் சந்திப்பார்கள். அக்கால முறைப்படி பூக்கும் செடிகளின் அணிவகுப்பில் பட்டர்கப் குடும்பத்துக்கே முதல் இடம். கலைப் பட்டதாரியான எனக்கு அந்நூலின் முதற் சில பக்கங்களோடு தாவர அறிவு நின்றுவிட்டது. நல்வேளையாக நமக்கு வேண்டியது அப்பக்கங்களிலேயே இருக்கிறது.

மெய்யான பட்டர்கப்பைத் தென்னாட்டில் காண விரும்புவோர் மலை ஏற வேண்டும். நீலகிரி, பழனி, மூணாற்றுக்கு மேலுள்ள புல்வெளிகள் ஆகியவற்றில் சிறுநீரக வடிவ இலையும் பளபளக்கும் பொன்னிறப் பூவும் உடைய ஒன்று தரையோடு படிந்து வளர்கிறது. தென்னிந்திய மலைகளுக்கே உரிய இனம் அது. விலாயத்துப் படத்தில் உள்ள ஐந்திதழை இதனிடம் தேட வேண்டாம். ஐந்துக்கு மேற்பட்ட இதழ்கள் இதற்கு உண்டு. உதகைப் பக்கத்து ஈரமான ஓரங்களில் இன்னொன்று நிற்கும். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்து நிலைத்துவிட்ட களை. தட்டையான சிறு காய்களின் பக்கங்களில் முள் போன்ற முனைகள் எழுந்திருப்பதே இதற்கு அடையாளம். காயைப் பார்த்துவிட்டால் வேறொன்றோடு மயங்க வழியில்லை.

அதே மலைகளில் ஓடைக்கரைகளில் வெண்ணிறத்தில் அனிமோனி பூக்கும். தாலிக்ட்ரம் என்பது சற்று விநோதமானது. இதற்கு இதழென்று சொல்லத்தக்கது இல்லை, கேசரங்களின் கொத்தே பூவாகத் தோன்றும். இலையோ மலைச்சரிவில் காணும் மெல்லிய பெரணியின் இலை போன்றது. நிறத்தையும் இதழையும் மட்டும் நம்புகிறவர் இவ்விரண்டையும் பட்டர்கப்பின் உறவினர் என்று ஒருபோதும் எண்ணமாட்டார். நடுவைப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

மலையில் ஏமாற்றுகிற மஞ்சட் பூ ஒன்று உண்டு. அது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு ஸ்டிராபெரி வகை. அதற்கும் ஐந்து மஞ்சள் இதழ். நடுவில் தனித்தனிச் சூலகங்கள். பெரிய சோதனைதான்! இங்கே பூவைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். புறவிதழ்களுக்குக் கீழே இன்னொரு வரிசைச் சிற்றிலைகள் இருந்தால், அது ரோஜாக் குடும்பம். இலைக் காம்பின் அடியில் இருபுறமும் செவி போன்ற சிறு செதில்கள் இருப்பதும் அதற்கே உரியது. மேலும் பட்டர்கப் இதழின் பளபளப்பு அதற்கு இராது. இந்தப் பளபளப்பின் காரணத்தைக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 2011-இல் விளக்கினர். இதழின் மேல்தோல் கண்ணாடித் தகடு போல் மழமழப்பானது. அதன் அடியில் நுண்ணிய காற்றிடைவெளி. அதற்கும் கீழே மாவுப்பொருள் நிறைந்த வெள்ளை அடுக்கு. இவை கூடி மஞ்சள் ஒளியை ஒரு திசையில் திருப்பி அனுப்புகின்றன. ஆங்கிலச் சிறுவர் பூவை முகவாயின் கீழே பிடித்து, மஞ்சள் ஒளி விழுந்தால் உனக்கு வெண்ணெய் பிடிக்கும் என்று விளையாடுவது இதனால்தான்.

இதுவரை சொன்னவை பொழுதுபோக்கு என்று கருதுவோர் இருக்கலாம். டில்லி, உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய வடநாட்டுச் சமவெளிகளில் குடியிருக்கும் நம்மவர் இனிமேல் சொல்வதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அங்கே குளிர்காலத்தில், குளத்தின் சேற்றிலும் சாக்கடை ஓரத்திலும் பட்டர்கப் இனம் ஒன்று செழித்து வளர்கிறது. இந்தியில் அதன் பெயர் ஜல்தனியா. நீர்க் கொத்தமல்லி என்று பொருள். பெயரே பொறி. இளஞ்செடியின் வெட்டுண்ட பசிய இலையைத் தொலைவில் இருந்து பார்த்தால் கொத்தமல்லி என்றே தோன்றும். குளிர்காலம் கொத்தமல்லியும் மலிவாகக் கிடைக்கும் காலம். ஊரில் வரப்புக் கீரையைப் பறித்துப் பழகிய கைகள், புதிய ஊரில் பெயரை நம்பி நீட்டப்படுவது இயல்பு.

வேறுபாடுகளை நிதானமாகச் சொல்கிறேன். கொத்தமல்லியின் மணம் கிட்டே போனாலே தெரியும்; ஜல்தனியாவுக்கு அம்மணம் இல்லை. கொத்தமல்லியின் பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ குடைபோல் கூட்டமாக இருக்கும். ஜல்தனியாவின் பூ வெளிறிய மஞ்சள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம். புறவிதழ்கள் கீழ்நோக்கி மடிந்து நிற்கும். பூவின் நடு மேடு நாளடைவில் நீண்டு, பச்சை முசுக்கட்டைப் பழம் போன்ற உருளையாகும். அதில் நூற்றுக்கணக்கில் நுண்ணிய காய்கள் அடைந்திருக்கும். தண்டு மழமழப்பாகவும் உள்ளே குழலாகவும் இருக்கும். நான் முன்னே சொன்ன எரிச்சற் பொருள் இச்செடியில் மிகுதி. உட்கொண்டால் வாயும் வயிறும் புண்ணாகும், கால்நடைகளுக்கும் நஞ்சு. ஐரோப்பாவில் பண்டைப் பிச்சைக்காரர்கள் இதன் சாற்றைத் தோலில் தடவிப் புண் உண்டாக்கிக்கொண்டு இரக்கம் தேடினர் என்று பழைய மூலிகை நூல்கள் கூறுகின்றன. சந்தேகப்படும் செடியைக் கசக்கி முகர்வதும், நுனி நாவில் வைத்துப் பார்ப்பதும் இங்கே சோதனை முறைகள் ஆகா. சாறு பட்டுவிட்டால் நீரால் நன்கு கழுவி, வாய்க்குள் போயிருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. செடியையும் ஒரு உறையில் இட்டு எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

இக்குடும்பத்தின் இன்னொருவர் நம் சமையலறைக்குள்ளேயே இருக்கிறார், கருஞ்சீரகம். வெளிறிய நீலப் பூ. இதழ் போலத் தோன்றுவன புறவிதழ்கள். இதன் சூலகங்கள் ஓரளவு ஒன்றோடொன்று இணைந்திருக்கும். முன் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. வெளியூரில் இதனை வாங்குவதில்தான் வேடிக்கை. டில்லிக் கடையில் கருஞ்சீரகத்தை அப்படியே இந்தியாக்கிக் காலா ஜீரா என்று கேட்டால், கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, மெலிந்து வளைந்த வேறொரு விதையைத் தருவார்கள். கல்கத்தாவில் அதே சொல்லைக் காலோ ஜீரே என்று கேட்டால் நம் கருஞ்சீரகமே கிடைக்கும். டில்லியில் கேட்க வேண்டிய சொல் கலோஞ்சி. முக்கோண முனைகளும் மை போன்ற கருமையும் உடைய விதையைப் பார்த்து வாங்குக. வெங்காய விதையும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால், தெரிந்த கடை நல்லது. இது வெறும் சுவைப் பிழை, உயிருக்குக் கேடில்லை.

உயிர் சம்பந்தப்பட்டது அடுத்த இரட்டையர். குழந்தைகளின் மாந்தத்துக்கும் சுரத்துக்கும் நாட்டு வைத்தியர் சேர்க்கும் அதிவிடயமும், கொடிய நஞ்சாகிய வச்சநாபியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இமயமலைச் செடிகளின் கிழங்குகள். அகோனைட்டம் என்பது அப்பேரினம். மேலே உள்ள புறவிதழ் போர்வீரனின் தலைக்கவசம் போல் கவிந்திருப்பதால், பூவை நேரில் கண்டவர் இதைப் பட்டர்கப்பின் உறவு என்று நினைக்கவே மாட்டார். கவசத்தின் உள்ளே பார்த்தால், தேனைச் சுமந்து நிற்கும் இரண்டு அகவிதழ்களும், நடுவே ஒட்டாத மூன்று அல்லது ஐந்து சூலகங்களும் குடும்பத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் நமக்குக் கடையில் பூ கிடைக்கப் போவதில்லை; உலர்ந்த கிழங்குதான் கிடைக்கும். வச்சநாபியில் உள்ள அகோனிட்டின் வகை நஞ்சு சில மில்லிகிராம் அளவிலேயே இதயத் துடிப்பைக் குலைக்கும். இதற்கென்று தனி மாற்று மருந்து இல்லை. வைத்திய நூல்கள் விதிக்கும் சுத்தி முறையில், நெடுநேரம் வேகவைக்கும்போது நஞ்சின் பெரும்பகுதி சிதைகிறது என்பதை இரசாயனமும் ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அது தேர்ந்த மருந்தாளரின் வேலை. வீட்டு அடுப்பில் செய்யத் தக்கதன்று.

அதிவிடயம் அரிதாகி விலை ஏறியதால் கலப்படம் மிகுந்துவிட்டது. தெற்கே நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் விற்கப்படுவது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த, நம் நீர்நிலைகளில் வளரும் செடியின் கிழங்கு. இமயத்துச் செடிக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. சிம்லா, டேராடூன் பக்கம் பணியாற்றும் நம் அன்பர்கள், மலைச்சந்தையில் அதீஸ் என்ற பெயரில் கிழங்கு வாங்கி ஊரில் உள்ள பேரக் குழந்தைக்கு அனுப்பும் வழக்கம் உடையவர்களானால், உரிமம் பெற்ற மருந்துக் கடையில் வாங்கி, குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே கொடுக்கச் சொல்வது தகும்.

கைப்பேசியால் பூவைப் படம் பிடித்துப் பெயர் கேட்கும் வசதி இன்று எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கும் நாம் காட்டுவதைப் பொறுத்தே விடை வரும். பெரும்பாலோர் பூவின் முகத்தை மட்டும் எடுக்கிறார்கள். முகத்தோடு அடிப்புறம், நடு மேடு, முதிர்ந்த காய், அடி இலை, மேல் இலை, இலைகள் எதிரெதிரா மாறிமாறியா என்பதைக் காட்டும் தண்டு ஆகியவற்றையும் தனித்தனியே எடுக்க வேண்டும். ஊரையும் கடல்மட்டத்துக்கு மேலான உயரத்தையும் மாதத்தையும் குறித்துக்கொள்க. இவ்வளவும் இருந்தால், கோயம்புத்தூர், புனே, டேராடூன், ஷில்லாங் ஆகிய இடங்களில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் வட்டார நிலையங்களில் அருகிலுள்ளதற்கு எழுதிக் கேட்கலாம். கூடுமானால், செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்திய கிளை ஒன்றையும், பூவோடும் காயோடும், உடன் அனுப்புக.